கையை எடுக்கும் நேரம்

இன்சுலின் சிரிஞ்சின் மூடியில் இரண்டு நிறம் உண்டு. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு. எங்கள் வார்டில் கொடுத்தனுப்பும் குப்பி 40. வீட்டில் சிரிஞ்சு தீர்ந்துபோய், கடையில் கிடைத்த ஆரஞ்சு மூடியை வாங்கி, வழக்கம்போல 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சுகர் ஏறிக்கொண்டே போகும், காரணம் யாருக்கும் பிடிபடாது. இதுவே மாறி நடந்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுத்தால், 50 யூனிட் போய்விடும். உயிருக்கே ஆபத்து.

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நாம் பக்கத்தில் இல்லாத ஒரு காலையில், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது, ஊசி போட்டுக்கொள்ளும் அம்மா தானாக மூடியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சொல்வதற்கும் அவர் பார்ப்பதற்கும் நடுவில் இருப்பதுதான் செவிலியர்களான எங்கள் வேலை. மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். கற்றுக்கொடுப்பது யார் கணக்கிலும் வராது. ஆனால் சர்க்கரை நோய் போல ஆயுள் முழுக்கக் கூட வரும் நோயில், வார்டில் நாங்கள் போடும் ஊசிகள் கொஞ்சம், வீட்டில் அவர்களே போட்டுக்கொள்வது ஆயிரக்கணக்கில். அந்த ஆயிரமும் சரியாக விழ வேண்டுமென்றால் கற்பித்தலைச் சிகிச்சையாகவே மதிக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

நர்சிங் படிப்பில் கற்றல் கோட்பாடுகள் ஒரு பாடமாகவே வருகின்றன. ஸ்கின்னர், பண்டூரா, வைகாட்ஸ்கி, நோல்ஸ் என்று பெயர்களையும் இலக்கணங்களையும் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். வார்டுக்கு வந்ததும் சார்ட்டும் ஃப்ளாஷ் கார்டுமாக ‘ஹெல்த் டாக்’ கொடுத்து, கையெழுத்து வாங்கி முடிக்கிறோம். அந்தப் பெயர்களில் சிலவற்றை நான் திரும்ப எடுத்துப் படித்தது வேலைக்கு வந்த பிறகுதான். நோயாளி கட்டிலருகே உட்காரும்போது அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது.

முதலில் டேவிட் ஆசுபெல். புதிதாக ஒன்றைக் கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள் என்று 1968இல் எழுதியவர். ஆகவே ஊசியை எடுக்குமுன் நான் பேச்சுக் கொடுப்பேன். “என்ன வேலைங்க ஐயா பார்த்தீங்க?” என்று கேட்டால் பாதி வழி திறந்துவிடும். பூச்சிமருந்து கலந்து பழகிய விவசாயிக்கு, அளவு கூடினால் பயிர் கருகும் என்பது கை அறிந்த விஷயம். தையல்காரருக்கு நுண்ணிய கோடுகளைப் பார்க்கும் கண் உண்டு. எழுத்தே தெரியாத பாட்டி, குப்பியின் பெயரைப் படிக்கமாட்டார். ஆனால் கலங்கல் மருந்தையும் தெளிந்த மருந்தையும் என்னைவிட வேகமாகப் பிரித்துச் சொல்வார்.

அப்படிப்பட்டவர்களுக்கு எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில் பொழுதைப் போக்குவதில்லை. ஊசி நீக்கிய ஒரு காலி சிரிஞ்சில், டாக்டர் எழுதிய அளவில் ஒரு மெல்லிய பிளாஸ்டர் துண்டை ஒட்டிக் கொடுப்போம். மருந்து இழுத்ததும் இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மட்டம் பார்க்க வேண்டியதுதான். அளவு மாறும் ஒவ்வொரு முறையும் பழைய மாதிரியை வாங்கிக்கொண்டு புதிதாக ஒட்டித் தர வேண்டும். இதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, எவ்வளவு சொல்வது என்பது. டிஸ்சார்ஜ் அன்று, மாத்திரைச் சீட்டு, அடுத்த தேதி, உணவு, கால் பராமரிப்பு, ஊசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவது எங்கும் நடக்கிறது. வெளியே ஆட்டோ காத்திருக்கும். மகன் பில்லையும் பையையும் பிடித்துக்கொண்டு நிற்பான். மருத்துவர்கள் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்ட பாதி தவறாக நிற்கிறது என்று 2003இல் கெசல்ஸ் என்ற ஆய்வாளர் தொகுத்து எழுதினார். வார்டில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதனால் அட்மிஷன் ஆன மறுநாளே தொடங்கிவிடுவேன். ஒரு வேளைக்கு ஒரு விஷயம்தான்.

பயந்தவர்களுக்குக் கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுப்பது நல்ல பலன் தருகிறது. குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவது, ரப்பரைத் துடைப்பது, எடுக்க வேண்டிய மருந்தின் அளவுக்குக் காற்றை உள்ளே தள்ளுவது, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து இழுப்பது, குமிழியைச் சுண்டி வெளியேற்றுவது, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தோலை மடித்துப் பிடிப்பது, குத்துவது, அழுத்துவது. இவ்வளவையும் வரிசையாகக் காட்டினால் பாதியிலேயே முகம் வெளிறிவிடும். அதனால் முதல் நாள் எல்லாவற்றையும் நான் செய்து, ஊசியும் தோலுக்குள் போன பிறகு, “இப்ப நீங்க அழுத்துங்கம்மா” என்பேன். அவர் செய்தது ஒரு கட்டைவிரல் வேலைதான். ஆனால் ஊசியை முடித்துவைத்தவர் அவர். மறுநாள் குத்துவதும் அவர், அழுத்துவதும் அவர். அப்படியே பின்னோக்கிப் போய், வீட்டுக்குப் புறப்படுமுன் குப்பியை உருட்டுவது வரை அவர் கைக்கு வந்துவிடும்.

உதவியை இப்படிப் படிப்படியாகக் கொடுத்து, படிப்படியாகத் திரும்ப எடுப்பதைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டவர்கள் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர். 1976இல், மரத்துண்டுகளை அடுக்கிப் பிரமிடு செய்யும் சின்னக் குழந்தைகளுக்கு ஆசிரியை எந்த அளவு கைகொடுக்கிறார் என்பதைப் பார்த்து எழுதினார்கள். ஒருவர் தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவில்தான் கற்றல் நடக்கிறது என்று வைகாட்ஸ்கி அதற்கு வெகு முன்பே சொல்லிவிட்டார். சாரத்தைக் கட்டுவது எங்களுக்குச் சுலபம், பிரிப்பதுதான் கஷ்டம். நோயாளியின் கை நடுங்கும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வார்டில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருப்பார்கள், நாமே போட்டுவிட்டால் நொடியில் முடிந்துவிடும். அந்த நொடியில் கையை நீட்டாமல் இருப்பதை என் கண்ணில் உயர்ந்த செவிலியத் திறமையாகவே மதிக்கிறேன்.

பண்டூராவிடம் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். என்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1977இல் அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் கொடுக்கும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. பேச்சால் கொடுக்கும் ஊக்கம், செய்து பார்த்த அனுபவத்துக்கு ஈடாகாது என்றும் சொன்னார். “பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல” என்று நாங்கள் நாள் முழுக்கச் சொல்வது ஏன் பலிப்பதில்லை என்பது இதில் விளங்கும்.

இரண்டாவது ஊற்று நம் பொது வார்டுகளில் தாராளமாக இருக்கிறது. நான் என் தோளில் போட்டுக் காட்டினாலும், “நீங்க நர்ஸு, உங்களுக்கு வரும்” என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும், அதே ஊர்ப் பக்கத்து, அதே வயதுக்காரர் புடவையை ஒதுக்கிக்கொண்டு வயிற்றில் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் பேச்சு மாறும். “ஏக்கா, வலிக்கலையா?” “எறும்பு கடிச்சாப்ல இருக்கும், அம்புட்டுத்தான்.” இந்த இரண்டு வரியை என் வாயால் சொல்லி ஜெயிக்க முடியாது. அதனால் புதிதாக வருபவருக்குக் கட்டில் கொடுக்கும்போது, முடிந்தால், ஊசியில் தேறியவர் பக்கத்தில் கொடுப்போம்.

நான்காவது ஊற்று பலர் கவனிக்காதது. மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கும், இரவெல்லாம் தூங்காதவருக்கும், காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சற்று முன்புதான் கேட்டவருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கக் கூடாது. அன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே வேலை.

ஸ்கின்னரை இப்போது பழையவர் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு செயலின் உடனடி விளைவுதான் அது தொடருமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். இன்சுலின் போட்டால் வரும் நன்மை, கண்ணும் சிறுநீரகமும் காலும் பல வருடம் கழித்துக் கெடாமல் இருப்பது. அதை யாரும் உணர முடியாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் வரும் படபடப்பும் வியர்வையும் கைநடுக்கமும் அன்றே வந்துவிடும். ஒருமுறை அப்படி ஆனவர், யாரிடமும் சொல்லாமல் அளவைத் தானே குறைத்துக்கொள்வார், அல்லது ஊசியையே நிறுத்திவிடுவார். அவரை அலட்சியக்காரர் என்று திட்டுவது நியாயமல்ல. உடம்பு அவருக்கு ஒரு பாடம் நடத்திவிட்டது, எங்கள் பாடம் அதற்குப் பின்னால் போய்ச் சேர்கிறது.

ஆகவே லோ சுகரைப் பற்றி முதல் நாளிலேயே பேசிவிடுவேன். வியர்த்து, நடுங்கி, திடீர்ப் பசி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிப்பது, கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடிப்பது, சரியானதும் சாப்பிடுவது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குக் கூப்பிடச் சொல்லி வீட்டாரிடமும் சொல்வேன். படபடப்பு வந்தபோது தானே சமாளித்தவர் ஊசியை விடுவதில்லை.

இவ்வளவும் நடந்ததா என்று எப்படித் தெரியும்? “புரிஞ்சுதா?” என்று கேட்டால் தலை ஆடும். பெரியவர்களுக்கு நம்மிடம் உள்ள மரியாதை அது. சான்பிரான்சிஸ்கோவில் சர்க்கரை நோயாளிகளிடம் மருத்துவர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து பார்த்து 2003இல் எழுதினார் டீன் ஷில்லிங்கர். புதிதாகச் சொன்ன 124 விஷயங்களில் 15ஐ மட்டுமே நோயாளி வாயால் திரும்பக் கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்ட மருத்துவர்களிடம் போனவர்களின் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது. நான் கேட்கும் கேள்வி, “ஊருக்குப் போனதும் மருமக கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?” என்பது. இதில் பரீட்சை வாசனை இல்லை. சொல்லும்போதே எங்கே இடறுகிறார் என்பது தெரிந்துவிடும். “குளுந்த எடத்துல வைக்கணும்” என்பவர், ஃப்ரீசரில் வைக்கலாம் என்று நினைத்திருப்பார். உறைந்த இன்சுலின் பயன்படாது என்பதை அப்போதுதான் சொல்ல வாய்க்கும்.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம் நான் வற்புறுத்துவது கேஸ் ஷீட்டில் எழுதும் ஒரு வரியைப் பற்றி. ‘நோயாளிக்கு இன்சுலின் பற்றி விளக்கப்பட்டது’ என்று எழுதினால், அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், அல்லது தொடங்கவே மாட்டார். நோயாளி என்ன செய்தார் என்பதை எழுதச் சொல்கிறேன். ‘18 யூனிட் தானே எடுத்தார். குமிழியைக் கவனிக்கவில்லை, சுட்டிக்காட்டியதும் வெளியேற்றினார். குத்தும்போது தயங்கினார், கை பிடிக்கவில்லை. லோ சுகருக்குச் சர்க்கரைத் தண்ணீர் என்று சொன்னார், அளவு சொல்லவில்லை. மாலையில் மகள் வருவார், அவரையும் சேர்த்து மறுபடி.’ மாலை ஷிஃப்ட் செவிலியர் இதைப் படித்துவிட்டு, ஒரு டீஸ்பூனையும் சர்க்கரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கட்டிலுக்குப் போகலாம்.