இளநீரும் அளவுக் குவளையும்

புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு நோயாளரைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் வழியில் இளநீர் வாங்கிச் செல்வது நம் வழக்கம். சென்ற தவக்காலத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கும் அவ்வாறே கொண்டு சென்றோம். நாட்பட்ட சிறுநீரக நோய். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். குவளையை அவன் உதட்டருகே நீட்டவும், "சாமி, குடுக்காதீங்க!" என்று பதறி நம் கையைப் பற்றினாள் ஒரு செவிலிய மாணவி. பற்றிய பின்னரே நம் அங்கியைக் கண்டு அஞ்சினாள்.

இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் அதனை வெளியேற்றிவிடும், இவனுடையதோ வெளியேற்றாது. இரத்தத்தில் அது கூடினால் இதயமே நின்றுவிடக்கூடும். அன்பென்று எண்ணி நாம் ஏந்திச் சென்றது இதனைத்தான்!

அம்மாணவியருக்குப் பாடம் சொல்லும் அருள்சகோதரி, ஆயர் பேரவை 1963இல் பெங்களூரில் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். அன்று நம்மையும் வகுப்பில் அமரச் செய்தார். (இறையியல் பயின்ற நமக்குக் கடைசி இருக்கைதான் கிடைத்தது.) குழந்தைகளுக்கு இந்நோய் பெரும்பாலும் சிறுநீரகத்திலோ சிறுநீர்ப் பாதையிலோ பிறவியில் அமைந்த குறையால் வருவதாம். எனவே, ஆண்குழந்தையின் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வடிகிறதா எனத் தாயிடம் கேட்கக் கற்பிக்கிறார். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்துள்ள கையில் ஊசி குத்துவதோ, இரத்த அழுத்தம் பார்ப்பதோ கூடாதென்கிறார்.

நம்மை வியக்கவைத்தது வேறொன்று. ஒரு கட்டிலில் நீரை அளந்து குறைக்கின்றனர். அடுத்த கட்டிலிலோ, "இன்னும் ஒரு மடக்கு" என்று கெஞ்சிப் புகட்டுகின்றனர். சில பிள்ளைகளின் சிறுநீரகம் நீரையும் உப்பையும் தேக்கிவைக்கும்; வேறு சிலருடையது இரண்டையும் இழந்துவிடும். நோயின் பெயரோ ஒன்றே. பெயரைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள் என்பது சகோதரியின் கண்டிப்பு. ஒப்புரவுக்கு வருவோர் எல்லாருக்கும் ஒரே பரிகாரம் விதித்துப் பழகிய நமக்கு அது சுருக்கென்று தைத்தது.

உப்பளங்களும் கருவாடும் நிறைந்த இக்கரையில் உப்பை விலக்கச் சொல்வது எளிதன்று. அம்மாணவியோ சிறுவனுக்குரிய நீரைக் காலையிலேயே அளந்து வைத்து, அதில் ஒரு பங்கைப் பனிக்கட்டியாக்கி, துண்டு துண்டாக அவன் நாவில் இடுகிறாள். அவன் கேட்டு, அவள் மறுத்து, அவன் அழும்போதும் அருகைவிட்டு அகல்வதில்லை.

நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது. இவனுக்கும் தாய் தம் சிறுநீரகத்தைத் தர முன்வந்துள்ளார், சோதனைகள் நடைபெறுகின்றன.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் தாகம் குறித்து முக்கால் மணி நேரம் பேசுவோம். இவ்வாண்டு பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டோம்.