வெள்ளை வேலியும் ராத்திரி இருமலும்

1) மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறதைப் பத்தி டாக்டர் எதுக்குப் பேசணும்னு நினைப்பீங்க. கடைசி வரைக்கும் படிங்க. இருமலில்தான் முடியும். சம்பந்தப்பட்டவரோட அனுமதியோட, அடையாளங்களை மாத்தி எழுதுறேன்.

2) டொரொண்டோ பக்கம் வீடு வாங்கினப்போ பின்பக்க வேலி புத்தம்புது சீடர் பலகை. சிவப்பும் பழுப்புமா அழகா இருந்துச்சு. எனக்கு வெள்ளை வேலி ஆசை. ஒரு சனிக்கிழமை தண்ணி கலந்த வெள்ளைப் பெயிண்டை நேரா அடிச்சு விட்டேன். ப்ரைமர் இல்லை, ஒண்ணும் இல்லை.

3) அடுத்த வாரம் மழை. வேலி முழுக்க டீ டிகாஷன் வழிஞ்ச மாதிரி பழுப்புக் கோடுகள். மேல இன்னொரு கோட் அடிச்சேன். அதுலயும் வந்துச்சு. ஆணி அடிச்ச இடமெல்லாம் கறுப்பு வட்டம் வேற.

4) தெரிஞ்சவங்க மூலமா ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் வந்தார். பல வருஷமா மரவேலை. பார்த்ததும் சிரிச்சார். “தம்பி, நேரே பெயின்ற் அடிச்சனீங்களோ? இந்த மரத்துக்குள்ள சாயம் இருக்கு. தண்ணி பட்டாக் கரைஞ்சு வெளியில வரும். அதை அடைக்காமல் எத்தனை கோட் அடிச்சாலும் வரும்.”

5) அவர் சொன்னதை அப்படியே தர்றேன், யாருக்காவது உதவும்.
முதல்ல ஈரம். மீட்டர் வெச்சுப் பார்த்து 15 சதவீதத்துக்குக் கீழ வந்த பிறகுதான் கை வைக்கணும். அதுக்காக வாரக்கணக்கா வெயில்ல காயப் போடவும் கூடாது. மேல்தோல் வெயிலில் நொந்து போனா பெயிண்ட் பிடிக்காது.

6) அடுத்தது உப்புத்தாள். மில்லில் இழைச்ச பலகை பளபளன்னு இருக்கும், அந்தப் பளபளப்பு மேல எதுவும் ஊறாது. 60 அல்லது 80 நம்பர் தாள் போதும். கண்ணாடி மாதிரி தேய்ச்சாலும் தப்பு. அப்புறம் தூசியைச் சுத்தமா துடைக்கணும்.

7) பிறகு ப்ரைமர். கறையை அடைக்கிற எண்ணெய் ப்ரைமர். முன்பக்கம் மட்டும் இல்லை, பின்பக்கம், விளிம்பு எல்லாத்துக்கும். பலகையோட வெட்டு முனைக்கு ரெண்டு தடவை, ஏன்னா மரம் தண்ணி குடிக்கிற வாய் அதுதான். ஆணி துருப்பிடிக்காத ஸ்டீல். சாதா இரும்பு பட்டா மரத்துல இருக்கிற டானினோட சேர்ந்து கறுத்துப் போகும். இதெல்லாம் முடிஞ்சாத்தான் வெள்ளை, ரெண்டு கோட்.

8) வெளியில மழைங்கிறதால பலகைகளைக் கழட்டி என் கராஜுக்குள்ள வெச்சுத் தேய்ச்சார். கதவைப் பாதி சாத்தி, மிஷின் போட்டு, மாஸ்க் இல்லாம. நான் ரெண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். தூசி மேகம் மாதிரி நின்னுச்சு. டாக்டரான எனக்கு ஒண்ணும் தோணலை. நல்ல வாசனையா இருக்குன்னு வேற சொன்னேன்.

9) மறுநாள் காலையில வந்தவர் முகம் வாடியிருந்தது. “ராவில நித்திரை இல்லை டொக்டர். ரெண்டு மணிக்கு எழும்பி இருமுறன். நெஞ்சுக்குள்ள விசில் மாதிரிச் சத்தம். ரெண்டு வருசமா இப்பிடித்தான். குளிர் ஒத்துவரேல்லை எண்டு எல்லாரும் சொல்லினம்.” நானும் தலையாட்டினேன். சிகரெட் உண்டான்னு கேட்டேன். வாழ்க்கையில தொட்டதில்லையாம்.

10) அப்புறம் பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னார். போன வருஷம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் ஒரு மாசம் இருந்தாராம். இருமலே இல்லையாம். “ஊர்க் காத்து, தம்பி.”
அங்கதான் எனக்கு உறைச்சுது. ஊர்ல இல்லாதது குளிர் மட்டும் இல்லை. சீடர் தூசியும் இல்லை.

11) இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமே இல்லை. வான்கூவரில் டாக்டர் மொய்ரா சான்-யூங் 1970களிலேயே இதை விரிவா ஆராய்ந்து எழுதியிருக்கார். வெஸ்டர்ன் ரெட் சீடரோட தாவரவியல் பெயர் தூயா பிளிகேட்டா. அதுல இருக்கிற பிளிகேட்டிக் அமிலம்தான் ஆஸ்துமாவைக் கிளப்புது. இந்தத் தூசியில வேலை செய்றவங்கள்ல நூத்துக்கு 4, 5 பேருக்கு வரலாம். சிகரெட் பிடிக்காதவங்களே அதிகம்.

12) ஏன் யாரும் கண்டுபிடிக்கலை? தூசி பட்ட உடனே இருமல் வர்றதில்லை. பல பேருக்கு நாலு மணி நேரம், எட்டு மணி நேரம் கழிச்சு, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். அதனால பழி தலையணை மேல, ஏசி மேல, குளிர் மேல போகும். வேலை தப்பிச்சுக்கும்.

13) முறையா ஒரு நுரையீரல் நிபுணர்கிட்ட அனுப்பினோம். ஒரு நாளைக்கு நாலு தடவை பீக் ஃப்ளோ ஊதி எழுதச் சொன்னாங்க, வேலை நாள் ரெண்டு வாரம், லீவு ரெண்டு வாரம். நோட்டைப் பார்த்தா யாருக்கும் புரியும். வேலை நாள் ராத்திரிகளில் எண் சரியும். லீவில் நிமிரும்.

14) கஷ்டமான பேச்சு அதுக்கப்புறம்தான். “நல்ல மாஸ்க் போட்டாக் காணாதோ?” ன்னு கேட்டார். நோய் வராம தடுக்க மாஸ்க் உதவும். ஆனா உடம்பு ஒரு தடவை பழகி எதிர்க்க ஆரம்பிச்சா கொஞ்சம் தூசியே போதும். சீடரை முழுசா விடணும். அவர் வருமானத்துல பாதி சீடர் வேலிதான். ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துட்டு இருந்தார்.

15) விட்டார். இப்போ சமையலறை அலமாரி வேலை மட்டும், வேற மரத்துல. வருமானம் குறைஞ்சிருக்கு. இருமல் நிறைய குறைஞ்சது, முழுசா போகலை. இந்த நோய்ல வேலையை விட்டாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆஸ்துமா கொஞ்சமாவது தங்கிடும். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சு விலகுறாங்களோ அவ்வளவு நல்லது. அவருக்கு ரெண்டு வருஷம் வீணாச்சு.

16) அந்த ரெண்டு வருஷத்துல அவரைப் பார்த்த யாரும் “என்ன வேலை செய்றீங்க?”ன்னு கேட்கலைன்னு சொன்னார். கேட்காம இன்ஹேலர் எழுதுறது, ப்ரைமர் இல்லாம நான் அடிச்ச வெள்ளைப் பெயிண்ட் மாதிரிதான். மேல பார்க்க நல்லா இருக்கும். அடுத்த மழையில கறை வரும்.

17) நம்ம ஊர்ல சீடர் குறைவுதானேன்னு நினைக்காதீங்க. மரப்பட்டறைத் தூசி, ஸ்ப்ரே பண்ற பி.யூ. பாலிஷில் இருக்கிற ஐசோசயனேட், பேக்கரி மாவு, எல்லாமே ஆஸ்துமாவைக் கொண்டு வரும். உங்களுக்கோ வீட்ல யாருக்கோ இருமல் நீடிச்சா மூணு கேள்வி கேளுங்க: ராத்திரியில அதிகமா? லீவு நாள்ல குறையுதா? ஊருக்குப் போனா சரியாகுதா? ஆமான்னா டாக்டர்கிட்ட மறக்காம உங்க வேலையைச் சொல்லுங்க. அவர் கேட்கலைன்னாலும் சொல்லுங்க.

18) வேலியை மீதி நானே முடிச்சேன். வெட்டவெளியில, என்95 போட்டு. அண்ணன் தெருவோரம் காருக்குள்ளயே உட்கார்ந்து கண்ணாடியை ஏத்திட்டு, போன்ல சொல்லிட்டே இருந்தார்: “முனைக்கு இன்னொருக்கா அடியுங்கோ தம்பி.” ரெண்டு குளிர்காலம் ஆச்சு. ஒரு கறை வரலை.