தந்திக்கும் மெட்டுக்கும் நடுவில்

மட்டக்களப்பின் தேற்றாத்தீவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பழுதென்று கொண்டுவரப்படும் கிற்றார்களைப் பற்றி இரண்டு முறைப்பாடுகள்தாம் மாறிமாறிக் கேட்கின்றன: சுருதி நிற்பதில்லை, விரல் வலிக்கிறது. முதலாவதற்கு முறுக்காணியைக் குறை சொல்கிறார்கள். இரண்டாவதற்குப் பிள்ளையைக் குறை சொல்கிறார்கள், பழக்கம் போதாதென்று. இரண்டு தீர்ப்பும் பெரும்பாலும் பிழை என்பது என் வாதம். தந்தி, விரற்பலகையில் பதித்த மெட்டுக்கு மேலே இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை, அது உட்காரும் பள்ளமும் சரியில்லை. நோய் அங்கேதான். அதைத் தீர்க்கத் தெரிந்த கைக்குக் கூலி கொடுக்க மனம் வராத நாம், புதுச்சாமானுக்கு மட்டும் கேள்வியில்லாமல் காசு கொடுக்கிறோம்.

அழுத்தப்படும் தந்தி இழுபடுகிறது, இழுபடும் தந்தியின் சுருதி ஏறுகிறது. இதைவிடப் பெரிய தத்துவம் இதில் இல்லை. தந்தி மெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு இழுபடும். வழக்கமான கிற்றாரில் தந்தியின் நீளம் ஏறக்குறைய 648 மில்லிமீற்றர். முதல் மெட்டு, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் நட்டிலிருந்து வெறும் 36 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அந்தக் குறுகிய இடத்தில் நட்டின் பள்ளம் அரை மில்லிமீற்றர் உயர்ந்து நின்றாலும் விரல் வலிக்கும், சுருதியும் கெடும். விரல் படாத வெறுந்தந்திகளைத் தொலைபேசிச் செயலியை வைத்துச் சரியாகச் சேர்த்தபின்னும், முதல் மெட்டில் அழுத்தியதும் செயலியின் முள் மேலே ஓடினால் பழுது முறுக்காணியில் இல்லை. ‘செயலி இருக்கும்போது பழுதுபார்ப்பவர் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: செயலி நோயைக் காட்டும், பள்ளத்தை அராவாது. இதே கிழக்குக் கரையில், காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்குமுள்ள கணக்கை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலாகத் தந்தார். அந்தக் கணக்கைத் தந்தவர் பிறந்த மண்ணில் கிற்றார் பழுதை ஊகத்தால் தீர்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கருவிகளில் முதலிடம் ஒரு மெல்லிய அரத்துக்குத்தான். ஆறு தந்திக்கும் ஆறு தடிப்பு, ஆகவே பள்ளங்களும் ஆறு அகலம். இதற்கென்றே செய்யப்படும் அரங்களின் விலை ஊரில் எட்டாதது. அவை இல்லாதவர், வெல்டிங் வேலைக்காரர் சுடர்முனையின் துளையைத் துப்புரவாக்கும் சிறு கம்பி அரங்களை வைத்தே இந்த வேலையைச் செய்துவிடலாம். பள்ளம் தலைப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். தந்தி கடைசியாகத் தொட்டு விலகும் இடம் விரற்பலகைப் பக்கத்து விளிம்பாக இருக்க வேண்டும். மூன்றாம் மெட்டை அழுத்திப் பிடித்துப் பார்த்தால் முதல் மெட்டின்மேல் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் வெறுந்தந்தி இரையும். அப்போது எலும்புப் பொடியும் பசையும் இட்டுப் பள்ளத்தை நிரப்பி மறுபடி தொடங்க வேண்டியதுதான். முறுக்காணியைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஓர் ஒலி கேட்டுச் சுருதி ஒரே தாவலில் மாறுகிறதென்றால், ஒடுங்கிய பள்ளத்தில் தந்தி இறுகி நின்று திடீரென வழுகுகிறது என்று பொருள். இரண்டு முறை அராவி, பென்சில் கரியைத் தடவினால் தீரும் இந்தக் குறைக்கு முறுக்காணித் தொகுதியையே கழற்றி மாற்றுகிறார்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவைச் சீராக்குவதும் உண்டு. ஆனால் அது இரண்டாம் கட்டம், அவசரக்காரர் கைவைக்கக் கூடாத இடம்.

‘ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்று. இன்று சரிசெய்தாலும் நாளை மாறிவிடுமே’ என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். மாரியில் முன்பலகை ஈரம் குடித்து மேலெழும், அதோடு குதிரையும் தந்தியும் உயரும். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் பலகை காய்ந்து தாழும், தந்தி மெட்டில் பட்டு இரையும். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பாரத்தில் அந்த மெல்லிய பலகையை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனாலும் மாற்றம் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது, ஆகவே அதற்கு ஆயத்தமாக இருக்கலாம். குதிரையில் செருகிய வெள்ளைக் கட்டையை, அதாவது சாடிலை, இரண்டாகச் செய்து வைத்துக்கொள்ளலாம்: மாரிக்குத் தாழ்ந்தது, கோடைக்கு உயர்ந்தது. சாடிலின் அடியில் ஒரு மில்லிமீற்றர் தேய்த்தால் 12ஆம் மெட்டின்மேல் தந்தி அரை மில்லிமீற்றர் இறங்கும். அளவுகோல் இல்லாதவர் வங்கி அட்டையை வைத்தே பார்க்கலாம். மூன்று அட்டை அடுக்கின் தடிப்பு சுமார் 2.3 மில்லிமீற்றர். தடித்த தந்தியின் கீழ் அந்த இடத்தில் ஐந்து அட்டை தாராளமாக நுழைந்தால் கிற்றார் பிள்ளையை வதைக்கிறது.

‘மலிவுக் கிற்றாருக்கு இத்தனை பாடா’ என்று கேட்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. மலிவுக் கிற்றாருக்குத்தான் இது வேண்டும். தொழிற்சாலை நட்டை உயரமாகவே விட்டு அனுப்புகிறது. தாழ்ந்த பள்ளம் இரைந்தால் சாமான் திரும்பி வரும், உயர்ந்த பள்ளத்தால் விரல் வெடித்தால் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. இறக்குமதி செய்பவர், மொத்தமாக வாங்குபவர், கடைக்காரர் என்று ஒவ்வொரு கையும் தன் இலாபத்தை ஏற்றுகிறது, ஒரு கையும் அரத்தைத் தொடுவதில்லை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது வெளிநாட்டுக் கிற்றாரின் விலை எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போடத் தேவையில்லை. சீராக்கும் கைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை, மட்டக்களப்புக்கு மரவேலை புதிதல்ல. வயலினோடும் கிற்றாரோடும் கப்ரிஞ்ஞா ஆடிய பறங்கியர் சமூகத்தில் தச்சுத்தொழில் தலைமுறைகளாக இருந்தது. எலும்பையும் மரத்தையும் அளந்து அராவும் ஓடாவிமார் ஊர்தோறும் இருக்கிறார்கள். கிற்றார் விற்கும் கடை, பெட்டியிலிருந்து எடுத்ததும் அதை அப்படியொரு ஓடாவியிடம் கொடுத்து நட்டையும் சாடிலையும் சீராக்கி, அந்தக் கூலியைப் பற்றுச்சீட்டில் தனி வரியாக எழுதி விற்கட்டும். விலை கூடும் என்பார்கள். அந்தக் காசை வாங்குபவர் இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், தேவையில்லாத முறுக்காணிக்கும் இரண்டாவது கிற்றாருக்குமாக. ஓடாவிக்குத்தான் அது போய்ச்சேர்வதில்லை.