சிட்டா? சீட்டா?

ஆங்கிலத்தில் ஒரு குறில் நெடிலானால் அர்த்தமே மாறிப்போகும் சொற்கள் நிறைய உண்டு. ஷிப்பை ஷீப் என்றால் கப்பல் ஆடாகிவிடும். கேட்பவர் சிரிப்பார், அவ்வளவுதான். ஆனால் சிட், சீட் என்ற ஜோடியில் ஆள் ஏமாந்தால் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமே போய்விடும்.

முதலில் சிட். துண்டுக் கடிதம், ரசீது என்று பொருள். கடிதத்தைக் குறிக்கும் இந்தி, மராட்டிச் சொல்லை வெள்ளைக்காரர்கள் குறுக்கி எடுத்துக்கொண்டது. ஒலியிலும் பொருளிலும் நம்ம சீட்டுக்கு நெருக்கம்.

அடுத்தது சீட். ஏமாற்று. இதன் மூலம் எஸ்சீட் என்ற சட்டச்சொல். வாரிசு இல்லாத சொத்து அரசுக்குப் போவதுதான் எஸ்சீட். பழைய இங்கிலாந்தில் அந்தச் சொத்தை எடுக்க வந்த அதிகாரிகள் செய்த அட்டூழியத்தில், சொல்லின் வாலே மோசடிக்குப் பெயராகிவிட்டது. நம் அரசியலமைப்பின் 296வது பிரிவில் எஸ்சீட் இன்றும் பழைய அர்த்தத்திலேயே இருக்கிறது.

நம்ம ஊரில் சிக்கல் என்னவென்றால், தமிழில் நெடில் உள்ள சொல்தான் நல்ல சொல்! கடலூர் ஓ.டி.யில் மீன் விற்கும் அம்மாவும், சிதம்பரம் கீழவீதியில் பூ விற்கும் அக்காவும் கட்டுவது சீட்டு. அந்தப் பழக்கத்தில் சிட் ஃபண்டும் வாயில் சீட் ஃபண்டாகிவிடுகிறது. ஏதாவது ஒரு கம்பெனி ஓடிப்போனால் "பேரிலேயே சொல்லிட்டான்யா" என்று ஜோக் வேறு.

உண்மையான சீட்டு எப்படி நடக்கிறது? 20 பேர், மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய், 20 மாதம். முதல் மாதம் சேர்வது 1 லட்சம். அவசரத்தில் இருப்பவர் 25,000 தள்ளி ஏலம் எடுக்கிறார். அவர் கைக்கு 75,000. சீட்டு பிடிப்பவருக்கு 5 சதவீதம் கமிஷன் என்றால் 5,000. மீதி 20,000 இருபது பேருக்கும் பிரியும். ஆளுக்கு 1,000. ஆக, கட்டிய 5,000 நிகரமாக 4,000 தான். அவசரக்காரருக்குக் கடன், பொறுமைசாலிக்குச் சேமிப்பு!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மாதாமாதம் பணம் யாரோ ஒரு உறுப்பினருக்குப் போய்விடுகிறது. ஒரே கையில் குவிந்து கிடப்பதில்லை. ஏலமும் இல்லாமல், குலுக்கலும் இல்லாமல், "கட்டிக்கொண்டே வாருங்கள், கடைசியில் இரட்டிப்பாகத் தருகிறோம்" என்றால் அது சீட்டே அல்ல. பெயர் மட்டும் சீட்டு.

2013ல் மேற்கு வங்கத்தில் சாரதா குழுமம் கவிழ்ந்தபோது பத்திரிகைகள் அதை சிட் ஃபண்ட் மோசடி என்றே எழுதின. அது முறையான சீட்டு நடத்தவே இல்லை. பொதுமக்களிடம் திரட்டிய முதலீடு. ஆனால் பழி சிட் மேல் விழுந்தது. அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க, 2019ல் சிட் ஃபண்ட் சட்டத்தைத் திருத்தியபோது சகோதர நிதி போன்ற மாற்றுப் பெயர்களையும் சேர்த்தார்கள். அதே திருத்தம் கமிஷன் உச்சவரம்பை 5லிருந்து 7 சதவீதமாக்கியது. பக்கத்துக் கேரளத்திலோ 1969 முதல் அரசு நிறுவனமே சீட்டு நடத்துகிறது.

அப்படியானால் எது சிட், எது சீட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, சீட்டு தொடங்கும் முன் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். நடத்துபவர் பதிவாளரிடம் பிணை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது பத்திரப்பதிவு நடக்கும் அதே பதிவுத்துறைதான். பதிவு எண்ணைக் கேளுங்கள், சீட்டு ஒப்பந்த நகலைக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர் எடுத்துக் காட்டுவார். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்பட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

தெருவில் நம்பிக்கையின் பேரில் நடக்கும் சீட்டுகள் பலவற்றுக்கு இந்தப் பதிவு கிடையாது. பல வருடம் சுத்தமாகவே நடக்கும். ஒருநாள் அவர் ஊரைவிட்டுப் போனால் கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். போலீசுக்குப் போனால் அது மோசடி வழக்கு. பழைய 420, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. எண் மாறினாலும் பணம் திரும்ப வருவது லேசில் இல்லை.

அம்மா சீட்டு கட்டுகிறார்களா? இன்றைக்கே அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். பதிவு எண் இருந்தால் சிட். இல்லையென்றால் எந்த மாதமும் அது நெடிலாகலாம்.