லாபம் எவ்வளவு, கையில் எவ்வளவு?

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரியின் வீட்டு மாடியறை. மேசைமேல் இருந்த பழைய மடிக்கணினியில் க்னூகேஷ் திறந்திருந்தது. 1998 முதல் புழக்கத்தில் உள்ள இலவசக் கணக்கு மென்பொருள் இது. தரகரின் செயலி கைப்பேசியிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன்.

"அதுல அந்தத் தரகர்கிட்ட இருக்கறது மட்டும்தான் சார் தெரியும். எனக்கு ரெண்டு டிமேட், மூணு பேங்க். எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?" என்றார்.

திரையில் கணக்குகள் வரிசையாக இருந்தன. சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை, தரகரிடம் உள்ள பணம் என்று ரொக்கம் மூன்று பிரிவாக இருந்தது. அதன்கீழ் ஒவ்வொரு நிறுவனப் பங்குக்கும் ஒரு கணக்கு. வருமானத்தில் டிவிடெண்டும் விற்ற லாபமும். செலவில் தரகு, எஸ்டிடி எனப்படும் பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம்.

தரகர் அனுப்பிய அன்றைய கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்து ஒரு கொள்முதலை என் எதிரிலேயே ஏற்றினார். ₹400 விலையில் 100 பங்குகள், ₹40,000. எஸ்டிடி 0.1 சதவீதம், ₹40. முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம், ₹6. தரகையும் அதன் ஜிஎஸ்டியையும் அடுத்தடுத்த வரிகளில் அடித்தார். எனக்குக் காட்டுவதற்காகவே அந்த ₹6-ஐ மட்டும் விட்டுவிட்டுப் பதிவு செய்தார். உடனே 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்' என்ற கணக்கு முளைத்து, அதில் ஆறு ரூபாய் நின்றது. பற்றும் வரவும் பொருந்தாத தொகையை இந்த மென்பொருள் மறைப்பதில்லை. பணம் போன இடம் தெரியாமல் ஒரு பதிவும் முழுமை பெறாது என்ற இந்தக் கட்டாயம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

இதே பங்கை ஓராண்டுக்குள் ₹450-க்கு விற்றால்? நாம் வெளியில் சொல்லிக்கொள்ளும் லாபம் ₹5,000. இரண்டு பக்க எஸ்டிடியும் முத்திரையும் ₹91. 2024 ஜூலை 23 முதல் குறுகிய கால ஆதாயத்துக்கு வரி 20 சதவீதம். 4 சதவீத செஸ் சேர்த்தால் ஏறக்குறைய ₹1,039. எஸ்டிடியை வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவும் முடியாது. தரகைச் சேர்க்காமலே, வரி கட்டவேண்டிய வருமானம் உள்ள அவர் கையில் நிற்பது சுமார் ₹3,870.

ஒரே பங்கை வெவ்வேறு நாளில் வாங்கியிருந்தால்? டிமேட் பங்குகளுக்கு முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ள வேண்டும் என்பது வருமான வரி விதி. அவருடைய போர்ட்ஃபோலியோ அறிக்கையும் அந்த முறையில்தான் அமைக்கப்பட்டிருந்தது. சராசரி விலை என்ற தேர்வும் அங்கே உண்டு. அதை வைத்துக்கொண்டால் வரிக் கணக்கோடு ஒத்துப்போகாது.

பிறகு ரொக்கப் பக்கத்துக்கு வந்தார். அதிகம் பேசியது இங்கேதான். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, பயன்படுத்தாமல் கிடக்கும் பணத்தைத் தரகர் வாடிக்கையாளரின் விருப்பப்படி மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒருமுறை வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் தொகை வந்து விழுந்ததும் லாபம் வந்ததாக நினைத்துச் செலவழிப்பவர்கள் பலர். இங்கே அது தரகர் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு நடந்த வெறும் மாற்றல். வருமானக் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. "குடும்பத்துக்கு ஆறு மாசச் செலவு வைப்புல இருக்கணும். அதுல கைவைச்சுப் பங்கு வாங்கினா இங்கயே தெரிஞ்சிடும்" என்று வைப்புத்தொகைக் கணக்கைத் தொட்டுக் காட்டினார்.

குறைகளும் உண்டு. இந்திய வரி விகிதம் எதுவும் இதற்குத் தெரியாது. கட்டணங்களை ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டும். அடிக்கடி வாங்கி விற்பவருக்கு இது சுமைதான். மாதத்துக்கு நாலைந்து முறை வாங்கி விற்பவருக்கு இதைவிட நல்ல கணக்குப்பிள்ளை கிடைப்பது அரிது.

தொடங்க நினைப்பவர்கள் பழைய பரிவர்த்தனைகளையெல்லாம் ஏற்ற முயன்று களைத்துப்போக வேண்டாம். ஏப்ரல் 1 அன்று உள்ள ரொக்க இருப்பிலிருந்து தொடங்குங்கள். கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் வாங்கிய தேதியையும் விலையையும் மட்டும் விடாமல் பதியுங்கள். விற்கும் நாளில் வரி கணக்கிட அவை இரண்டும் தேவைப்படும்.