தில்லையடியில் ஓர் அமெரிக்க நாவல்

தேத்தண்ணிக்கு வைத்த கொதிநீர் கவிழ்ந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வெந்துபோகிறாள். சத்தம் கேட்டு ஓடிவரும் அயல்வீட்டுப் பையன் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து வெந்த தோலின்மேல் ஊற்றுகிறான். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணம். அந்தப் பையன் பிறகு விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போவான், ஊரே பார்த்திருக்க உண்ணாநோன்பிருந்து சாவான். அந்தப் பிள்ளை மருத்துவம் படித்து, அவன் சாகும்வரை அவனருகில் இருப்பாள். கருத்துச் சண்டைகளிலிருந்து தொடங்கியிருக்கக்கூடிய ஒரு போர் நாவல் குசினியில் முட்டைக் கோதோடு தொடங்குவதைப் பார்த்ததும், இதை எழுதியவருக்கு வீடு தெரியும் என்று எனக்குப் பட்டது.

எழுதியவரோ அமெரிக்காவில் பிறந்தவர். வி. வி. கணேசானந்தன், முதற்பெயர் வாசுகி. 1980இல் பிறந்து வாஷிங்டனுக்குப் பக்கத்தில் மேரிலாந்தில் வளர்ந்தார். ஹார்வார்ட், அயோவா எழுத்தாளர் பட்டறை, கொலம்பியாவில் இதழியல் என்று படித்துவிட்டு இப்போது மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்துக் கற்பிக்கிறார். முதல் நாவல் ‘லவ் மேரேஜ்’ 2008இல் வந்தது. அதற்கு முதல் வடிவம் ஹார்வார்டில் எழுத்தாளர் ஜமெய்க்கா கின்கெய்டின் வழிகாட்டலில் செய்த பட்டப்படிப்பு ஆக்கம். முட்டைக் கோதோடு தொடங்கும் இரண்டாவது நாவல் ‘பிரதர்லெஸ் நைட்’ 2023 ஜனவரியில்தான் வந்தது. இடையில் பதினைந்து ஆண்டுகள். அந்த நாவலுக்கு மட்டும் இருபது ஆண்டுகளுக்குக் கிட்ட உழைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2024 மே மாதத்தில் கரோல் ஷீல்ட்ஸ் பரிசு, ஒன்றரை இலட்சம் அமெரிக்க டொலர். ஜூன் மாதத்தில் பிரித்தானியாவின் பெண்கள் புனைவுப் பரிசு, முப்பதாயிரம் பவுண்.

பரிசுச் செய்தி வந்த நாட்களில் எங்கள் புத்தளம் பக்கத்துப் பேச்சு வேறாக இருந்தது. ‘அங்கே குளிருக்குள் இருந்துகொண்டு இவைக்கு என்ன தெரியும்?’ என்று கேட்டவர்கள் உண்டு. புலம்பெயர்ந்தோர் எழுத்தின்மேல் இந்தச் சந்தேகம் பழையது, சில வேளை நியாயமானதும்கூட. அவருடைய முதல் நாவலை வாசித்தபோது எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. 1983 ஜூலையில் அமெரிக்காவில் பிறந்த யாழினி, ரொறன்ரோவில் சாகக் கிடக்கும் முன்னாள் இயக்கக்கார மாமாவைப் பார்க்கப் போகிறாள். அவர் வாயிலிருந்தும் பெற்றோர் வாயிலிருந்தும் குடும்பக் கலியாணங்களின் கதைகள் துண்டுதுண்டாய் வருகின்றன. அழகான துண்டுகள். ஆனால் அறைக்கு வெளியே நின்று கதவிடுக்கால் ஒட்டுக் கேட்பவளின் கதை அது. நாவலும் அதை மறைக்கவில்லை.

இரண்டாவது நாவலில் அவர் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டார். கதை சொல்பவள், கொதிநீரில் வெந்த அந்தப் பிள்ளை, சசி. அவளுக்கு நான்கு சகோதரர்கள். மருத்துவம் படித்த மூத்தவர் 1983 தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் கொழும்பில் காணாமற் போகிறார், இருவர் இயக்கத்துக்குப் போகிறார்கள். இயக்கத்தின் மருத்துவ நிலையத்தில் சசி காயக்காரருக்கு மருந்து கட்டுகிறாள். அதே கையால், எல்லாத் தரப்பும் செய்த கொடுமைகளைப் பதிந்து வைக்கும் சிறு குழுவுக்கும் எழுதிக்கொடுக்கிறாள். இரண்டும் ஒருத்தியால் முடியுமா என்று கேட்கிறவர்கள் அந்த நாட்களில் அங்கே இருந்திராதவர்கள். சசி அடிக்கடி வாசகரை நேராகத் திரும்பிப் பார்த்துப் பேசுகிறாள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவளின் குரல் அது. முதலில் கொஞ்சம் உறுத்தியது, பாதிக்குமேல் போனதும் பழகிவிட்டது. குறை சொல்வதானால், சசியின் ஆசானாக வரும் அஞ்சலி என்ற மருத்துவப் பேராசிரியர் சற்று அதிகமாகவே நல்லவராக இருக்கிறார். நிஜத்தில் இருந்த ஒருவரின் நிழல் மேலே விழுந்துவிட்டால் பாத்திரத்துக்குக் கோபதாபம்கூட வாய்க்காமல் போய்விடுகிறது.

அந்த நிஜமானவர் ரஜனி திராணகம. யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர், ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதிய நால்வரில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். வயது 35. அவர் சேர்ந்து உருவாக்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு அதன்பின் மறைவிலிருந்து அறிக்கை எழுதியது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதையும் அவர்கள் பதிந்தார்கள்.

அந்த ஒக்டோபருக்குப் பிறகுதான் எங்கள் கரை இந்தக் கதைக்குள் வருகிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இயக்கம் இரண்டு மணி நேரம் கொடுத்தது. மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலுமாகச் சுமார் 75,000 பேர், அவர்களில் பெரும்பகுதி புத்தளத்துக்கு. பள்ளிக்கூடம், பள்ளிவாசல், தென்னந்தோப்பு என்று கண்ட இடத்தில் ஒதுங்கி, பிறகு ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் பாலாவிப் பக்கத்திலும் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். கிடுகு போய்க் கல்வீடு வந்து வெகுகாலம். ஆனாலும் சில இடங்களை இன்றைக்கும் ‘முகாம்’ என்றுதான் சொல்கிறோம். அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் ‘அகதிகள்’தான். கிணற்றுக்கும் வேலைக்கும் பள்ளிக்கூட வாங்குக்கும் இரு பக்கமும் முறுகிக்கொண்ட காலமும் இருந்தது. விருந்தோம்பலை மட்டும் பேசி அதை மறைப்பது சரியில்லை.

ரஜனி இறந்தபோது சிறுமியாக இருந்த மகள் ஷாரிகா, மானிடவியல் படித்து, ஆய்வுக்காக இந்தப் புத்தளத்துக்கு வந்தவர். 2011இல் வெளிவந்த ‘இன் மை மதர்ஸ் ஹவுஸ்’ என்ற அவருடைய நூலில் இங்கிருக்கும் வடக்கு முஸ்லிம்கள் பேசுகிறார்கள். ஊர் என்றால் என்ன, வீடு என்றால் என்ன, பிள்ளைகளுக்கு எந்த ஊர் என்ற கேள்விகள். அம்மாவின் சாயலில் அமெரிக்காவில் ஒருவர் நாவலில் பாத்திரம் படைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மகள் எங்கள் முகாம்களின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். எருக்கலம்பிட்டிக்காரரான புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ்வும், 2018இல் காலமாகும்வரை, இழந்த சொத்துகளையும் இடம்பெயர்ந்த குடும்பங்களையும் கணக்கெடுத்தபடியே இருந்தார். ஆக, ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. கவிதைகள் உண்டு, சிறுகதைகள் உண்டு. ஆனால் ஒரு வாழ்நாளின் கால்பகுதியைக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கேட்டு எழுதிய பெரிய நாவல் ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கணேசானந்தனிடம் எனக்குப் பொறாமை என்றால் பரிசுப் பணத்தில் இல்லை, அந்த இருபது வருடப் பொறுமையில்.

தில்லையடியில் எனக்குச் சட்டை தைக்கிற தையற்காரர் யாழ்ப்பாணம் சோனகதெருக்காரர். எழுபது தாண்டிவிட்டது, இன்னும் கண்ணாடி போட்டு ஊசிக்கு அவரே நூல் கோர்ப்பார். கடை வாசலில் புத்தளத்துக் கழுதைகள் இரண்டு எப்போதும் நிற்கும். ஒருநாள் அளவெடுக்கும்போது நாவலின் கதையைச் சொன்னேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி முழுவதையும் கேட்டார்.

“எங்கட கதை அதில வருதா, சேர்?”

கதையின் பெரும்பகுதி 89க்குள் முடிகிறது என்றேன். தலையாட்டினார். பிறகு அவர் சொன்னது வெளியேற்றத்தன்று அவர்களைக் கூட்டிய ஜின்னா மைதானத்தைப் பற்றியோ துவக்குகளைப் பற்றியோ இல்லை. அன்று கடையில் கிடந்த துணிகளைப் பற்றி. ஒரு கலியாணப் பொம்பிளையின் சட்டை, வாத்தியார் ஒருவருடைய இரண்டு கால்சட்டை, ஒரே துணியில் வெட்டிய மூன்று சகோதரிகளின் பாவாடை. ஆட்களின் அளவு இன்னும் அவருக்குப் பாடம்.

“தைக்காத துணியெண்டா பரவாயில்ல, வேற ஆரும் தைப்பாங்க. நான் வெட்டிப் போட்டன். வெட்டின துணியை என்ன செய்யுறது? துணியை எடுத்துக்கொண்டு போயிட்டான் எண்டுதானே அதுகள் நினைச்சிருக்கும்.”

தன்னை விரட்டியவர்களைப்பற்றி ஒரு சொல் சொல்லாதவர், வாடிக்கைக்காரர் தன்னைத் தப்பாக நினைத்திருப்பார்களே என்று இத்தனை வருடமாக வெட்கப்படுகிறார். இதை ஆணைக்குழு அறிக்கை எந்தத் தலைப்பின்கீழ் போடும்? 2011இல் குடிமக்கள் ஆணைக்குழுவொன்று வெளியேற்றத்தைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது, அவசியமான வேலை. இழந்த காணி, நகை, மாடு எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. தையற்காரரின் வெட்கத்துக்கு நாவலில்தான் இடம். முட்டை ஊற்றிய பையனுக்குக் கிடைத்ததைப்போல.

அவருடைய பேத்தி உயர்தரத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். புத்தகத்தை அவளிடம் கொடுத்திருக்கிறேன். பின்னேரம் தாத்தாவுக்கு வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. போன கிழமை கடைக்குப் போனபோது முறைப்பாடு வைத்தாள்.

“சேர், மூத்தாப்பாவோட இது முடியாது. யாழ்ப்பாண லைப்ரரி எரியிற இடத்துக்கு வந்தது வெள்ளிக்கிழமை. இன்னும் அதிலயேதான் நிக்கிறம்.”

“அதுக்கு முன்னம் சந்தைக் கடையளும் எரிஞ்சது, ஈழநாடு பேப்பர் கந்தோரும் எரிஞ்சது,” என்றார் அவர், மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “ஒழுங்காச் சொல்லிப்போட்டு அங்கால போவம்.”