லெஃப்ட் பேக்குக்கு ஒரு விலை

கால்பந்தில் எந்த இடத்தில் ஆட ஆசை என்று நான் பயிற்சி தரும் நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் எல்லோரும் முன்னால் ஓடி வந்து கோல் போடும் இடத்தைத்தான் காட்டுவார்கள். அவர்களில் இடது காலால் உதைக்கிற பையன் ஒருவன் கண்ணில் பட்டால் அவனை மெல்லப் பின்னுக்கு இழுத்து லெஃப்ட் பேக்காக நிறுத்திவிடுவேன். "என்ன சார், பையனப் பின்னாடி தள்ளிட்டீங்க?" என்று அப்பா வந்து நிற்பார். அவரை உட்காரவைத்துச் சம்பளக் கணக்கைச் சொல்லுவேன்.

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியில் 2021-22 சீசனிலிருந்து ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைத்தான் களமிறக்கலாம் என்று ஆனது. அதற்கு முன் ஐந்து. அந்த நான்கு இடத்தை அணி கட்டுகிறவர் எங்கே செலவழிப்பார்? பெரும்பாலும் நட்ட நடுவில்: ஒரு ஸ்டாப்பர், நடுக்களத்தில் ஒருவரோ இருவரோ, முன்னால் ஒரு ஸ்டிரைக்கர். கோல்போஸ்டும் இரண்டு ஓரங்களும் நம்மவர்களுக்கு மிஞ்சும். அதனால் நல்ல இந்திய ஸ்டிரைக்கர் பெஞ்சில் உட்காருகிறார், சுமாரான லெஃப்ட் பேக்குக்கு இரண்டு கிளப் போட்டி போடுகிறது. போதாததற்கு அணியின் மொத்தச் சம்பளத்துக்கே வரம்பு உண்டு. சில சீசன்களில் அது 16.5 கோடி ரூபாயாக இருந்தது. அதற்குள் ஒரு பெரிய பெயரை வாங்கினால் மீதிப் பேரில் பாதி, குறைந்த சம்பள இளைஞர்கள்தான். என் பையனுக்கு வாசல் அங்கேதான் திறக்கிறது. 2017இல் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த ஐ.எஸ்.எல். டிராஃப்ட்டில் உச்ச விலையான 1.10 கோடி இருவருக்குக் கிடைத்தது. ஒருவர் யூஜின்சன் லிங்டோ. இன்னொருவர் அனஸ் எடத்தொடிகா, தடுப்பாட்டக்காரர்.

சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக்கை வென்றபோது பெட்ரோ மான்சி போட்ட 21 கோல்களைத்தான் எல்லோரும் பேசினார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது எட்வின் சிட்னி வான்ஸ்பாலை. வலது பேக், நடுக்களம் இரண்டிலும் ஆடுவார். அடுத்து ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்தவரை எந்தப் பயிற்சியாளரும் பட்டியலிலிருந்து லேசில் அடிக்கமாட்டார்.

இரண்டு கிளப் கூப்பிட்டால் நான் பார்ப்பது தொகையை அல்ல, அந்த இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார் என்பதை. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வராமல் வயலிலேயே நிற்கிற கரும்பு எடை குறையும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்த பையனும் அப்படித்தான்.

பெண் பிள்ளைகள் கணக்கு வேறு. 2019 மே மாதம் லூதியானாவில் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. தொடக்கம் முதல் இறுதிவரை எல்லாம் ஒரே மாதத்துக்குள். அப்போது ஒரு மாத ஆட்டத்துக்கு என்ன சம்பளம் பேசியிருக்க முடியும்? கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனவர். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவர் போட்ட கோல்களைவிட அந்தக் காக்கிச் சட்டைதான் பெரிய நம்பிக்கை. தப்பு சொல்லமாட்டேன். மகளிர் லீக் அணிகள் குறைந்தது பத்து இந்தியப் பெண்களுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023இல்தான் அறிவித்தது. ஓர் அணியில் இருபதுக்கு மேல் பேர் இருப்பார்கள். பதினோராவது பெண்ணாகப் பெயர் வந்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏற்ற வேண்டும்.

ஆண்கள் பக்கமும் நிலம் கெட்டி என்று சொல்ல முடியாது. 2025இல் ஐ.எஸ்.எல். நடக்குமா என்பதே தெரியாமல் நின்றபோது பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. அன்றிலிருந்து ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருக்கும் பக்கத்துக்கு முன்பே தேதிகள் இருக்கும் பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன். ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசலாம். பதினெட்டு வயது ஆகாதவரை மூன்று ஆண்டுக்கு மேல் கட்டிப்போட முடியாது. தமிழில் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன்.

பயிற்சி கொடுக்கிற நமக்கும் ஒரு பங்கு உண்டு, பலருக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடியும் முன் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாற்றுத்தொகைக்குப் போனால், அதில் 5 சதவீதம் 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். அந்தக் காலத்தில் அவர் பெயர் அந்தக் கிளப்பில் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் மாலையில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தருகிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, கிளப்பைச் சங்கத்தில் பதிந்து, பன்னிரண்டு வயதானதும் பிள்ளைகளின் பெயரை ஏற்றிவிடுங்கள்.